ஸ்பீக்கருக்கு ஓர் அங்குலம் முன்னால்

மின்கிடார் வாசிப்பவரின் ஆம்ப் பெரும்பாலும் தரையில்தான் இருக்கும். அதிலுள்ள ஸ்பீக்கரின் நடுப்பகுதி அவருடைய முழங்காலுக்குக் கீழே. அவருடைய காது அதற்கு நாலடி மேலே. வருடக்கணக்காகக் குமிழ்களைத் திருகித் திருகி அவர் உருவாக்கி வைத்திருக்கும் ஓசை, அந்த உயரத்திலிருந்து அந்தச் சாய்வில் அவர் கேட்டுப் பழகிய ஓசை. ஒலிப்பதிவுக் கூடத்திலோ ஒருவர் வந்து, ஸ்பீக்கரை மூடியிருக்கும் துணிக்கு ஓர் அங்குலம் முன்னால் ஒரு மைக்கை நிறுத்திவிட்டுப் போகிறார். வாசித்து முடித்துக் கண்ணாடி அறைக்குள் வந்து பதிவைக் கேட்கும் கலைஞரின் முகம் சுருங்குகிறது. இது தன்னுடைய சவுண்டே இல்லை என்கிறார். மைக்கில் விழுந்தது அதுதான் என்கிறார் ஒலிப்பதிவாளர். உலகத்தின் எல்லா ஸ்டுடியோக்களிலும் நடந்துவரும் பழைய வழக்கு இது.

இருவர் சொல்வதும் உண்மைதான். ஆம்பிலிருந்து ஒரே ஓர் ஓசை வருகிறது, மைக் அதை நன்றாகவோ மோசமாகவோ பிடிக்கிறது என்று எண்ணும்வரை இந்த வழக்கு தீராது. அந்தப் பெட்டிக்கு முன்னால் உள்ள வெளியில் ஒவ்வோர் இடத்திலும் ஓர் ஓசை இருக்கிறது. ஸ்பீக்கரின் நடுவில் ஒன்று, இரண்டு விரற்கடை தள்ளினால் வேறொன்று, ஓரடி பின்னால் நகர்ந்தால் மற்றொன்று. மைக்கை வைப்பது என்றால் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று பொருள். இந்தத் தேர்வு, மலிவான மைக்கை மாற்றி விலையுயர்ந்த மைக்கைப் போடுவதைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பது என் கட்சி.

முதலில் ஓர் எளிய கேள்வி. மின்கிடாரிலிருந்து வெளிவருவதே மின்சாரம்தானே? கம்பி காந்தத்துக்கு மேலே அதிர்கிறது. காந்தத்தைச் சுற்றிய செப்புச் சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. அந்த வயரை நேராகப் பதிவுக் கருவியில் செருகிவிட்டால் மைக்கே தேவையில்லையே?

செருகலாம். பேஸ் கிடாரை அப்படிப் பதிவது சர்வசாதாரணம். ஆனால் ராக் இசைக்கு வேண்டிய முறுக்கேறிய கிடார் ஒலியை அப்படி எடுத்தால், காதைக் குடையும் கரகரப்புத்தான் மிஞ்சும். ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் விரட்டும்போது அலையின் உச்சிகள் மழுங்கி வெட்டுப்படுகின்றன. வெட்டுப்பட்ட அலையில், வாசித்த சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேற்சுரங்கள் குவிகின்றன. அவை 10,000 ஹெர்ட்ஸைத் தாண்டியும் போகும். கிடார் ஸ்பீக்கர் இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது, தன் குறைபாட்டின் மூலமாக. வீட்டு மியூசிக் சிஸ்டத்தில் உச்ச ஒலிகளுக்கென்று ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கர் தனியாக இருக்கும். கிடார் ஆம்பில் அது கிடையாது. காகிதக் கூழால் ஆன 12 அங்குலக் கூம்பு ஒன்றுதான் எல்லா வேலையையும் பார்க்க வேண்டும். ராக் உலகில் மிகப் பெயர்பெற்ற ஸ்பீக்கர்களில் ஒன்றான செலெஸ்டியன் நிறுவனத்தின் கிரீன்பேக்குக்கு அந்நிறுவனமே சொல்லும் எல்லை 75 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. அதற்கு மேலே ஒலி செங்குத்தாகச் சரிகிறது. காதை அறுக்கும் மேற்சுரங்களை அந்தச் சரிவு விழுங்கிவிடுகிறது. கிடாரின் மிகத் தடித்த கம்பி எழுப்புவது ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸ் என்பதால் கீழ்ப்பக்கமும் இழப்பு ஏதுமில்லை.

ஆக, இங்கே ஸ்பீக்கர் என்பது ஒலியை உள்ளபடி ஒப்பிக்கும் கருவி அல்ல. வாத்தியத்தின் ஒரு பகுதி. இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் பொறியாளர்கள் அல்லர், கலைஞர்கள். அமெரிக்கர் லிங்க் ரே 1958-இல் 'ரம்பிள்' இசைத்தட்டுக்காகத் தன் ஆம்பின் ஸ்பீக்கரைப் பென்சிலால் குத்தி ஓட்டை போட்டார். 1964-இல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் சின்ன ஆம்பின் கூம்பைச் சவர பிளேடால் கிழித்தார். கிழிந்த காகிதம் படபடத்த ஓசைதான் 'யூ ரியலி காட் மீ' பாட்டின் தொடக்கத்தில் கேட்பது. மின்சுற்றில் ஒரு கம்பியைக்கூட மாற்றாமல், காகிதத்தைக் கெடுத்தே ஒரு புதிய ஓசையைப் பெற்றுவிட்டார்கள்.

இனி அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். கூம்பின் நடுவே, பின்புறத்தில், ஒன்றே முக்கால் அங்குலம் அளவுள்ள ஒரு கம்பிச்சுருள் ஒட்டியிருக்கிறது. காந்தத்தின் இடுக்கில் அது முன்னும் பின்னும் ஓடும்போது கூம்பையும் சேர்த்துத் தள்ளுகிறது. சுருள் மேல் தூசி விழாமலிருக்க முன்னால் ஒரு சிறு குமிழ் மூடி. தாழ்ந்த சுரங்களில் கூம்பு முழுவதும் ஒரே உடலாக முன்னே வந்து பின்னே போகிறது. அதிர்வெண் ஏற ஏறக் காகிதத்தின் விறைப்பு போதாமல் போகிறது. நடுவில் கொடுத்த தள்ளல் விளிம்பை எட்டுவதற்குள் சுருள் திரும்பிவிடுகிறது. சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து தொடங்கி, ஆயிரங்களைத் தொடும்போது கூம்பு வட்டம் வட்டமாகவும் கூறு கூறாகவும் பிரிந்து ஆடுகிறது. ஒரு பகுதி முன்னால் வரும்போது பக்கத்துப் பகுதி பின்னால் போகிறது.

மிருதங்கம் தெரிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வலந்தலையின் விளிம்பில் விரல் பட்டால் ஒரு நாதம், நடுவே கரணை மேல் விழுந்தால் வேறு நாதம். தோல் ஒன்றுதான், அதிரும் பகுதிகள் வேறு. அந்தத் தோலின் மேற்சுரங்கள் ஏன் இசைவாக ஒலிக்கின்றன என்பதை சி. வி. ராமன் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தோலுக்கு எடை கூட்டும் கரணை அந்த அதிர்வுகளை ஒழுங்குபடுத்துகிறது. கிடார் ஸ்பீக்கர் செய்பவர்களும் கூம்பில் வளையம் வளையமாக மேடுகளை வார்ப்பது, விளிம்பில் பசை தடவுவது என்று இதே மாதிரியான வேலையைத்தான் செய்கிறார்கள்.

மைக் வைப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரடியானது. உச்ச ஒலிகள் பெரும்பாலும் சுருளை ஒட்டிய நடுப்பகுதியிலிருந்தே பிறக்கின்றன. மைக்கை மூடியின் மையத்துக்கு நேரே வைத்தால் ஒலி கூர்மையாக, சில சமயம் பல் கூசும் அளவுக்கு, இருக்கும். மூடியின் விளிம்பும் கூம்பும் சேரும் இடத்துக்கு நகர்த்தினால் கூர்மை தணிந்து சதைப்பிடிப்பு வரும். கூம்பின் வெளிவிளிம்பை நோக்கிப் போகப் போக ஒலி மங்கி இருளும். மையத்திலிருந்து விளிம்புவரை மொத்தம் 13 செ.மீ. தூரம்தான். ஆனால் அந்த 13 செ.மீ.க்குள் ட்ரெபிள் குமிழை முழுக்க ஏற்றி முழுக்க இறக்கிய அளவுக்கு வேறுபாடு அடங்கியிருக்கிறது. மூடியின் விளிம்பில்தான் முதலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று பல ஒலிப்பதிவாளர்கள் சொல்வது வெறும் பழக்கத்தால் வந்ததல்ல. அங்கே ஒரு செ.மீ. நகர்வுக்குக் கிடைக்கும் மாற்றம் மற்ற இடங்களைவிட அதிகம்.

கூம்பு கூறுபட்டு ஆடுவது ஒரு பக்கம். ஒலி வெளியேறும் திசை இன்னொரு பக்கம். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர்; அதன் பக்கத்தில் ஸ்பீக்கர் ஒரு புள்ளி, எனவே ஒலி எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. 4,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 9 செ.மீ.க்கும் குறைவு. தன்னைவிட மூன்று மடங்கு அகலமான கூம்பிலிருந்து புறப்படும் அந்த அலை ஒரு கற்றையாக நேரே ஓடுகிறது. 26 செ.மீ. அகலமுள்ள தட்டையான வட்டத் தகடு ஒன்று 4,000 ஹெர்ட்ஸில் ஒலி எழுப்பினால், நேர்கோட்டிலிருந்து சுமார் 24 பாகை சாய்வில் அந்த ஒலி ஏறக்குறைய அறுந்துபோக வேண்டும் என்கிறது கணக்கு. காகிதக் கூம்பு இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. உச்ச ஒலிகள் நடுவிலிருந்து மட்டும் வருவதால் கற்றை கொஞ்சம் விரியவும் செய்யும். ஆனாலும் போக்கு இதுதான். ஆம்புக்கு ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பவரின் காது, ஸ்பீக்கரின் நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 40 பாகை விலகி இருக்கிறது. தன் கிடாரின் கூர்மையில் பாதியை அவர் கேட்டதே இல்லை. கேட்கவில்லை என்பதால் ட்ரெபிள் குமிழை இன்னும் ஏற்றுகிறார். அந்தக் கூர்மை முழுவதும் முன்வரிசைப் பார்வையாளர் தலையிலும் மைக்கின் சவ்விலும் போய் விழுகிறது. ஆம்பை ஒரு நாற்காலி மேல் தூக்கி வைத்துக் காதுக்கு நேராகச் சாய்த்துவிட்டால் வாசிப்பவர் தானாகவே ட்ரெபிளைக் குறைத்துவிடுவார். செலவில்லாத வைத்தியம், ஏனோ பலருக்கு இதில் மனம் ஒப்புவதில்லை.

இனி தொலைவு. துணியை ஒட்டி வைத்த மைக் கூம்பின் ஒரு துண்டைத்தான் அதிகமாகக் கேட்கிறது. நடுவுக்கு நேரே 5 செ.மீ. தள்ளி மைக் இருந்தால், நடுவிலிருந்து வரும் ஒலிக்கு 5 செ.மீ. பயணம், விளிம்பிலிருந்து வருவதற்கு 14 செ.மீ. இரண்டும் சந்திக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தூக்கிவிடும், சில அழித்துவிடும். ஓரடி தள்ளி வந்தால் இந்தப் பயண வேறுபாடு சுருங்கி, கூம்பின் பகுதிகள் எல்லாம் சேர்ந்து ஒரே ஓசையாக ஒன்றுகூடிவிடும். அதற்கும் பின்னால் போனால் அறையின் சுவர்களும் கூரையும் பேச்சில் கலந்துகொள்ளும். துண்டு, முழுமை, அறை: ஒவ்வொன்றும் பதிவுக்கு ஏதோ ஒரு விதத்தில் தேவைப்படலாம்.

மைக்குக்கும் சொந்தமாக ஒரு குணம் உண்டு. ஒரு திசையை நோக்கிக் கேட்கும் மைக்கின் சவ்வுக்கு முன்னாலும் பின்னாலும் ஒலி நுழைய வழி இருக்கிறது. இரு பக்கத்து அழுத்தங்களின் வேறுபாடுதான் சவ்வை அசைக்கிறது. தொலைவிலிருந்து வரும் ஒலிக்கு இந்த வேறுபாடு நேரத்தால் உண்டாவது: முன்பக்கம் தொட்ட அலை பின்பக்கம் போய்ச் சேரச் சற்றுத் தாமதமாகிறது. மெதுவாக ஏறி இறங்கும் தாழ்ந்த சுரங்களில் அந்தத் தாமதத்துக்குள் அழுத்தம் அதிகம் மாறியிருக்காது. எனவே அசைவும் குறைவு. இதை ஈடுகட்டத் தாழ்ந்த சுரங்களுக்குச் சவ்வு கூடுதலாக இணங்கும்படி மைக்கை வடிவமைக்கிறார்கள். ஒலி மிக அருகிலிருந்து வரும்போது இன்னொரு வேறுபாடும் சேர்கிறது. முன்வாசலுக்கு 3 செ.மீ., பின்வாசலுக்கு 6 செ.மீ. என்றால், தொலைவு காரணமாகவே பின்னால் அழுத்தம் வெகுவாகக் குறைந்துபோகும். இந்தக் குறைவு எல்லா அதிர்வெண்ணுக்கும் பொது. ஏற்கெனவே தாழ்ந்த சுரங்களுக்குச் சலுகை காட்டிய மைக், இப்போது அவற்றை அள்ளிக் கொட்டுகிறது. பாடகர்கள் மைக்கை உதட்டருகே கொண்டுபோய்க் குரலில் கனம் கூட்டுவது இதனால்தான். ஸ்பீக்கர் வாயைவிட அகலமான மூலம் என்பதால் அங்கே விளைவு கொஞ்சம் மட்டுப்படும். ஆனாலும் ஒரு அங்குலத்துக்கும் நான்கு அங்குலத்துக்கும் உள்ள வேறுபாட்டை யாருடைய காதும் கண்டுபிடித்துவிடும்.

இந்தச் சூழ்நிலைக்கென்றே செய்ததுபோல் அமைந்துவிட்ட மைக் ஒன்று உண்டு: ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்57. 1965-இல் வந்தது. அதன் உள்ளே இருப்பது எர்னி சீலர் என்ற பொறியாளர் 1950-களின் இறுதியில் உருவாக்கிய யூனிடைன் 3 என்ற பகுதி. பெயரில் உள்ள இரண்டு எழுத்துகள் ஸ்டுடியோ மைக்ரோஃபோன் என்பதைக் குறிக்கின்றன. குறிவைத்தது ஒலிபரப்பு நிலையங்களை. லிண்டன் ஜான்சன் காலத்திலிருந்து அமெரிக்க அதிபர்கள் பேசும் மேடையில் நிற்பதும் இதுதான். பேச்சுக்கென்று செய்த மைக் கிடாருக்கு எப்படிப் பொருந்தியது? அதன் வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் செவித்திறன் இறங்குகிறது. அருகில் வைப்பதால் கிடைக்கும் பேஸ் அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. 5,000, 6,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருக்கிறது. கிடார் ஸ்பீக்கர் சரியத் தொடங்கும் அதே இடம். ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்றின் மேடு போய் உட்கார்ந்துகொண்டது. யாரும் திட்டமிட்டது அல்ல இது.

சத்தத்தைத் தாங்குவதும் ஒரு காரணம். செலெஸ்டியனின் விண்டேஜ் 30 ஸ்பீக்கர் ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 100 டெசிபல் எழுப்பும். 50 வாட் கொடுத்தால் 117. மைக் இருப்பது ஒரு மீட்டரில் அல்ல, ஓர் அங்குலத்தில். சுருளும் காந்தமும் கொண்ட டைனமிக் மைக்குக்கு இது பொருட்டல்ல. மெல்லிய அலுமினிய நாடாவைக் காந்தத்தின் நடுவே தொங்கவிட்ட ரிப்பன் மைக்குகளுக்கோ நீண்ட காலம் இது உயிராபத்தாக இருந்தது. அந்த நாடாவின் தடிமன் சில மைக்ரான்கள்தான். இருந்தும் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் கிடாரைப் பதிவு செய்த எடி கிரேமர், பேயர்டைனமிக் நிறுவனத்தின் எம்160 என்ற ரிப்பன் மைக்கை விரும்பிப் பயன்படுத்தினார். உச்ச ஒலிகளை அது மென்மையாக இறக்கிவிடும் விதம் கிடாருக்கு அவ்வளவு பொருத்தம். 1998-இல் வந்த ராயர் ஆர்-121, ரிப்பன் மைக்கும் உரத்த ஆம்பும் அச்சமின்றி நெருங்கி நிற்க வழி செய்தது.

அருகே வைப்பது இன்று வழக்கம் என்பதால், அது எப்போதும் அப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. 1966-ஆம் ஆண்டு லண்டனில் இரண்டு கூடங்களில் இதற்கு எதிரெதிரான இரண்டு கலகங்கள் நடந்தன.

ஒன்று மேற்கு ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த டெக்கா ஸ்டுடியோவில். ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழு இசைத்தட்டு பதிய வந்திருந்தது. கிடார் எரிக் கிளாப்டன், வயது 21. கையில் கிப்சன் லெஸ் பால். பின்னால் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட மார்ஷல் ஆம்ப். தயாரிப்பாளர் மைக் வெர்னன். பதிவுப் பொறியாளர் கஸ் டட்ஜன், பின்னாளில் எல்டன் ஜானின் இசைத்தட்டுகளைத் தயாரித்துப் புகழ்பெற்றவர். அன்றைய முறைப்படி ஆம்பின் ஒலியளவைக் குறைத்து வைத்து, மைக்கைக் கிட்டே நிறுத்திப் பதிய வேண்டும். கிளாப்டன் ஒப்பவில்லை. மேடையில் வாசிக்கும் அளவுக்கே வாசிப்பேன், மைக்கை வேண்டுமானால் தள்ளி வையுங்கள் என்றார்.

இளைஞனின் முரட்டுத்தனம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அவருடைய நிலைப்பாட்டுக்குப் பின்னால் வலுவான மின்னியல் இருக்கிறது. வால்வு ஆம்பின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் பெரிய வால்வுகளும் அவற்றை ஸ்பீக்கரோடு இணைக்கும் டிரான்ஸ்ஃபார்மரும், தங்கள் எல்லையை எட்டிய பிறகுதான் அலையை உருட்டி மழுக்கத் தொடங்கும். ஸ்பீக்கரும் அப்போதுதான் திணறத் தொடங்கும். கம்பியை மெல்லத் தொட்டால் தெளிவாகவும் அழுத்தினால் கரகரப்பாகவும் பேசும் குணம் அங்கேதான் பிறக்கிறது. ஒலியளவைக் குறைத்தால் ஓசையின் உருவமே மாறிவிடும். பெரும் சத்தத்தில் வாசித்தபோதோ கிடார் மற்ற வாத்தியங்களின் மைக்குகளிலும் கசிந்தது. அந்தக் கசிவும் இசைத்தட்டின் அங்கமாகிவிட்டது. ஜூலையில் தட்டு வெளிவந்தது. பின்னால் அந்த மார்ஷல் மாடலுக்கே புளூஸ்பிரேக்கர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இன்னொரு கலகம் ஈஎம்ஐ நிறுவனத்தின் அபி ரோடு கூடத்தில். பீட்டில்ஸ் குழுவின் 'ரிவால்வர்' பதிவு அந்த ஏப்ரலில் தொடங்கியது. பொறியாளராகப் புதிதாக உயர்த்தப்பட்டிருந்த ஜெஃப் எமெரிக்குக்கு வயது 20. மைக்குகளை வாத்தியத்துக்கு ஒரு குறிப்பிட்ட தொலைவைவிட நெருக்கமாகக் கொண்டுபோகக் கூடாது என்று ஈஎம்ஐயில் விதி இருந்தது. விலையுயர்ந்த மைக்குகள் கெட்டுவிடும் என்ற பயம். எமெரிக் டிரம்ஸ் மைக்கை அந்த எல்லைக்குள் நுழைத்தார். 'எலினார் ரிக்பி' பாட்டுக்கு வயலின், செல்லோ கலைஞர்களின் வாத்தியங்களை ஒட்டி மைக் வைத்தார். தங்கள் வில்லின் உரசல்கூடக் கேட்டுவிடும் என்று அவர்கள் நெளிந்தார்கள். 'பேப்பர்பேக் ரைட்டர்' பாட்டில் பால் மெக்கார்ட்னியின் பேஸ் கிடாரைப் பதிய எமெரிக்கும் தொழில்நுட்பர் கென் டவுன்செண்டும் மைக்கையே கைவிட்டு, ஆம்பின் ஸ்பீக்கருக்கு எதிரே இன்னொரு பெரிய ஸ்பீக்கரை நிறுத்தி அதையே மைக்காகப் பயன்படுத்தினார்கள். காந்தம், சுருள், சவ்வு. டைனமிக் மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே பொருள்தான், மின்சாரம் ஓடும் திசை மட்டும் வேறு. பெரிய கூம்பு தாழ்ந்த சுரங்களுக்கு நன்றாக அசைந்து கொடுத்தது.

டெக்காவில் கிளாப்டன் மைக்கைத் தள்ளினார், அபி ரோட்டில் எமெரிக் நெருக்கினார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக ராக் ஒலிப்பதிவு இந்த இரண்டுக்கும் நடுவேதான் நகர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் விரும்பியவர்களும் உண்டு. லெட் செப்பலினின் ஜிம்மி பேஜ், பதிவுக் கூடங்களில் கூலிக்கு வாசித்த காலத்திலேயே பழைய இசைத்தட்டுகளில் கேட்கும் ஆழம் தொலைவால் வந்தது என்று கண்டுகொண்டவர். ஆம்பை ஒட்டி ஒன்று, பல அடி தள்ளி ஒன்று என இரண்டு மைக் வைத்துக் கலப்பது அவர் பாணி.

இரண்டு மைக் வைத்த மாத்திரத்தில் வேறொரு பிரச்சினை முளைக்கும். ஒரே ஒலி இரண்டு மைக்குகளையும் வெவ்வேறு நேரத்தில் அடைகிறது. ஒரு மைக் மற்றதைவிட 17 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலிக்கு அந்தத் தூரத்தைக் கடக்க அரை மில்லிநொடி ஆகும். 1,000 ஹெர்ட்ஸ் அலை ஒருமுறை ஏறி இறங்க ஒரு மில்லிநொடி. எனவே முதல் மைக்கில் அலை உச்சியில் இருக்கும்போது இரண்டாவதில் பள்ளத்தில் இருக்கும். கூட்டினால் பூச்சியம். 3,000 ஹெர்ட்ஸிலும் 5,000 ஹெர்ட்ஸிலும் இதே கதி. 2,000, 4,000 ஹெர்ட்ஸில் மாறாக இரட்டிப்பு. தனித்தனியே கேட்கும்போது அருமையாக இருந்த இரண்டு ஓசைகள் சேர்ந்தவுடன் உள்ளீடற்றுப் போவது இதனால்தான். பள்ளம் விழும் இடங்கள் கிடாரின் உயிர்நாடியான பகுதியிலேயே இருப்பதால் இங்கே சேதம் அதிகம்.

தப்பிக்க வழி இரண்டு. ஒன்று, இரண்டு மைக்குகளின் சவ்வுகளையும் ஸ்பீக்கரிலிருந்து சம தூரத்தில் நிறுத்துவது. ஸ்வீடனில் ஸ்டுடியோ ஃப்ரெட்மன் நடத்தும் ஃப்ரெட்ரிக் நார்ட்ஸ்ட்ரோம், இரண்டு எஸ்எம்57-களைத் தலை ஒட்டத் தலை வைத்து, ஒன்றை நேராகவும் மற்றதைச் சாய்வாகவும் திருப்பினார். கூடத்தின் பெயரிலேயே அது இன்று மெட்டல் இசையுலகில் ஒரு முறையாகிவிட்டது. தூரம் ஒன்றே என்பதால் பள்ளம் விழுவதில்லை. சாய்ந்த மைக் தன் பக்கவாட்டில் உச்ச ஒலிகளைக் குறைவாகக் கேட்பதால், இரண்டின் அளவையும் கூட்டிக் குறைத்தே குமிழ் தொடாமல் கூர்மையை மாற்றிவிடலாம். இன்னொரு வழி, பள்ளங்களை ஏற்றுக்கொண்டு, அவை எங்கே விழுந்தால் காதுக்கு இதமோ அங்கே விழும்வரை ஒரு மைக்கை நகர்த்துவது. மைக்குக்கும் அதன் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு தூரம் மைக்குகளுக்கு இடையில் வேண்டும் என்று ஒரு விதி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். தனித்தனி வாத்தியங்களுக்கு முன் வைக்கும் மைக்குகள் ஒன்றின் ஒலியை மற்றொன்று கேட்காமலிருக்கச் சொன்ன விதி அது. ஒரே ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கும் இரண்டு மைக்குகளிடம் அதைக் கொண்டுவருவது வீண் வேலை.

ஒரே மைக் வைத்தாலும் தரை இரண்டாவது மைக்கின் வேலையைச் செய்துவிடக்கூடும். ஸ்பீக்கரின் மையம் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், மைக்கும் அதே உயரத்தில் ஒரு மீட்டர் தள்ளி. நேரே வரும் ஒலிக்கு 100 செ.மீ., தரையில் பட்டு வருவதற்கு ஏறக்குறைய 117 செ.மீ. மறுபடியும் அதே 17, அதே 1,000 ஹெர்ட்ஸில் பள்ளம். கீழே ஒரு தடித்த ஜமுக்காளத்தை விரித்தால் கொஞ்சம் தணியும்; ஆம்பைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்தால் பள்ளம் கீழிறங்கி வேறிடம் போகும். மைக் ஓர் அங்குலத்தில் இருக்கும்போது இந்தத் தொல்லை இல்லை. நேர் ஒலி அவ்வளவு உரக்க இருக்கும்போது தரையின் எதிரொலி கணக்கிலேயே வராது. மோசமான அறையில் பதிய நேர்ந்தவர்கள் மைக்கை ஒட்டி வைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

பின்பக்கம் திறந்த ஆம்புகளில் இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. கூம்பு முன்னால் வரும்போது பின்னால் காற்று இழுபடுகிறது. ஆகவே பின்னால் வைத்த மைக்கின் அலை முன் மைக்குக்குத் தலைகீழ். அப்படியே கலந்தால் பேஸ் காணாமல் போகும். மிக்ஸரில் ஒரு பொத்தானை அழுத்தி அலையைப் புரட்டிவிட்டால் திரும்பி வந்துவிடும்.

நடைமுறையில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால், அதில் கணக்கு அதிகம் இல்லை. ஒரு டார்ச்சைத் துணிக்கு நெருக்கமாகப் பிடித்து அடித்தால் உள்ளே மூடி எங்கே முடிகிறது, கூம்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியும். துணி மேல் சின்ன டேப் துண்டு ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்வார்கள். நான்கு ஸ்பீக்கர் கொண்ட பெட்டி என்றால் நான்கையும் தனித்தனியே கேட்டுப் பார்ப்பார்கள். ஒரே மாடல், ஒரே வயது என்றாலும் நான்கும் ஒன்றாக இருப்பது அரிது. பிறகு, எனக்கு மிகவும் பிடித்த உத்தி. கிடாரை யாரும் வாசிக்காமல், ஆம்பை மட்டும் ஏற்றி வைத்தால் ஸ்ஸ் என்ற இரைச்சல் வரும். எல்லா அதிர்வெண்களும் கலந்த இரைச்சல் அது. நன்றாக மூடிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மைக்கைக் கூம்பின் குறுக்கே மெல்ல நகர்த்தினால், அந்த ஸ்ஸ் நிறம் மாறிக்கொண்டே போவது துல்லியமாகக் கேட்கும். இரண்டு மைக் இருந்தால் இன்னும் வேடிக்கை: பள்ளங்கள் ஏறி இறங்குவதே காதில் விழும். வாசிப்பின் அழகில் மயங்கிவிடாமல் இடத்தை மட்டும் கேட்க இது உதவுகிறது. காதைக் கொண்டுபோய் ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்துத் தேடுகிறவர்களும் உண்டு. கலைஞர் அந்த நேரத்தில் ஒரு தந்தியைத் தட்டிவிட்டால் காது என்ன ஆகும் என்பதற்கு மேலே சொன்ன 117 டெசிபல் கணக்கே போதும்.

மேடைகளில் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். ஸ்டாண்ட் கிடைக்காததால் எஸ்எம்57-ஐ ஆம்பின் மேலிருந்து வயரோடு தொங்கவிட்டிருப்பார்கள். அந்த மைக் நுனியால் கேட்பது. தொங்கும்போது அதன் நுனி தரையைப் பார்க்கிறது. ஸ்பீக்கரின் ஒலி பக்கவாட்டில் சுரத்தின்றி நுழைகிறது. தொங்கவிடத்தான் வேண்டுமென்றால் சென்ஹைசரின் இ609 போலத் தட்டையாக, அகலப் பக்கத்தால் கேட்கும்படி செய்த மைக் இருக்கிறது.

இப்போது இந்த மைக்கையும் அறையையும் சத்தத்தையும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் கணினிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஸ்பீக்கருக்கு 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை சீராக ஏறும் ஒரு ஒலியைக் கொடுத்து, மைக் கேட்டதைப் பதிந்து, இரண்டையும் ஒப்பிட்டுக் கணக்கிட்டால், அந்தப் பெட்டி, அந்த மைக், அந்த இடம் மூன்றும் சேர்ந்து ஒலியை என்ன செய்கின்றன என்பது ஒரு நொடிக்கும் குறைவான ஒரு கோப்பில் அடங்கிவிடும். வீட்டில் சத்தமின்றி ஹெட்ஃபோனில் வாசிக்கும் கிடாரை அந்தக் கோப்பின் வழியாக அனுப்பினால் மைக் வைத்துப் பதிந்ததுபோல் ஒலிக்கிறது. கூம்பு திணறும் விதம் மட்டும் அதில் வராது. அது ஒலியளவுக்கேற்ப மாறுவது, கோப்போ மாறாதது.

இந்தக் கோப்புகள் விலைக்குக் கிடைக்கின்றன. ஒரே பெட்டிக்கு நூற்றுக்கணக்கில் இருக்கும். பெயர்களைப் படித்தால் மூடியின் மையம், மூடியின் விளிம்பு, கூம்பு, ஓர் அங்குலம், நான்கு அங்குலம், சாய்வு என்று நீளும். விற்கப்படுவது ஸ்பீக்கரா மைக்கா என்றால், பெரும்பாலும் இடம்தான். இரண்டு கோப்புகளைக் கலந்தால் நிஜ மைக்குகளைப் போலவே அவற்றின் நேர வேறுபாடு பள்ளங்களைத் தோண்டும். அதனால் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் இருக்கும் வெற்று நேரத்தை வெட்டி எல்லாவற்றையும் ஒரே கோட்டில் நிறுத்துகிறார்கள். அப்படி வெட்டினால் தள்ளி வைத்த மைக்கின் ஆழமும் கூடவே போய்விடும் என்று, அறை மைக் கோப்புகளை மட்டும் வெட்டாமல் அப்படியே விற்பவர்களும் இருக்கிறார்கள்.